சாட்சிக் கூண்டில் ஏறிய என் கணவர்

மாடன், இசக்கி என்று யாராவது பேய்ப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தவள் வேறு. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். கல்குளம் பக்கம் எங்கள் ஊரில் முன்சீப் கோர்ட் புதுக் கட்டடத்துக்குப் போய்விட, பழைய ஓட்டுக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. என் கணவர் ஓவியர். அவரும் சிநேகிதர்களும் வரைந்த புது மாதிரிப் படங்களை மாட்டுவதற்கு இந்தப் பக்கத்தில் ஓர் இடம் கிடையாது. அலையாய் அலைந்து, அந்தக் கட்டடத்தைச் சித்திரசாலையாக மாற்ற அனுமதி வாங்கினார். குறித்த நாளில் திறக்காவிட்டால் அதை நெல் சேர்த்துவைக்கும் கிட்டங்கி ஆக்கிவிடுவார்கள் என்று பேச்சிருந்தது, அந்தக் கவலையில் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கு லீவு என்பதால் நானும் ஒத்தாசைக்குப் போனேன்.

உள்ளே மரவேலை பார்த்தது நீலகண்டன் ஆசாரி. நீதிபதியின் மேடையைப் பிரித்தாயிற்று, பெஞ்சுகளை வெளியே போட்டாயிற்று, சாட்சிக் கூண்டு மட்டும் பாக்கி. நல்ல வெயில் அடிக்கிற மத்தியானம். முட்டத்துக் கடலை வரைந்த பெரிய படத்தை நான் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது வராந்தாவிலிருந்து, கோர்ட்டுச் சேவகன் நீட்டி விளிப்பது போல ஒரு குரல்.

“மாதேவன்... மாதேவன்... மாதேவன் ஹாஜருண்டோ?”

ஆசாரி உளியைக் கீழே வைத்தார். “டீச்சர், கேட்டியளா? ரெண்டு நாளா இப்பிடித்தான் விளிக்குது. வெளிய போய்ப் பாத்தா ஒருத்தனும் இல்ல. ஆளு வாறது வரைக்கும் விளிச்சிட்டேதான் இருக்கும்போல.”

நான் போய்ப் பார்த்தேன். வராந்தா காலி. முற்றத்தில் ஒரு ஆடு படுத்திருந்தது, அவ்வளவுதான். உள்ளே திரும்பும்போது மறுபடியும் அதே விளி, என் முதுகுக்கு நேர் பின்னால். நம்பினால் நம்புங்கள், திரும்பினால் அங்கே யாருமில்லை.

“எவனோ சேட்டை பண்ணுகான்,” என்றார் என் கணவர். அவருக்கு அன்றைக்கு எல்லாவற்றின் மேலும் எரிச்சல். விறுவிறுவென்று போய்க் கூண்டில் ஏறி நின்றார். “மாதேவன் ஹாஜர்! போதுமாடே?” என்று, மாதேவன் தான்தான் என்பது போலச் சத்தம் போட்டார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எதிரே மேடை இருந்த இடத்தையே பார்த்தார். யாரோ கேள்வி கேட்பதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தார்.

“இல்ல. நான் அந்த வழி போகல்ல.”

கூண்டின் மரச்சட்டத்தை இறுகப் பிடித்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

“...போனேன்.”

“என்னங்க, இறங்குங்க,” என்றேன். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

“கூப்பிட்டா. கேட்டேன். ரெண்டு தடவ கூப்பிட்டா. நான் திரும்பிப் பாக்கல்ல.” அவர் குரல்தான், ஆனால் அந்த நடுக்கத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகு, “தெரியும், அந்த ஸ்திரீயத் தெரியும். அதோ நிக்கா,” என்று என்னைப் பார்த்து விரலை நீட்டினார்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடிப்பதற்குள் அவரே இறங்கிவிட்டார், போகலாம் என்று யாரோ சொன்ன மாதிரி. “ஏட்டி, சுத்தியல எங்க வச்ச?” என்று சாதாரணமாகக் கேட்டார். ஏதேதோ பேசினீர்களே என்றதற்கு, “ஹாஜர்னு சொன்னேன், இறங்கினேன். வேற என்னத்தப் பேசினேன்?” என்று என்னையே முறைத்தார். அதற்கு மேல் நான் கிளறவில்லை, எனக்கே பயமாக இருந்தது.

அன்று சாயங்காலமே கூண்டைப் பிரித்துவிட்டோம். குறித்த நாளில் திறப்பு விழா நடந்தது. படங்களில் இருந்த நீல நிற முகங்களைப் பார்த்து ஊர் கேலி செய்தது, ஆனாலும் கூட்டம் வந்தது. கட்டடம் எங்களுக்கே நிலைத்தது. அந்த விளி அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

இதை ஒரு மயக்கம், ஒரு வேலைக்களைப்பு என்று சொல்லி நானே மறந்திருப்பேன். ஆனால் விழா முடிந்து கூலி வாங்கிக் கிளம்பும்போது ஆசாரி என்னிடம் கேட்டார்: “டீச்சர், அண்ணைக்கு உங்க கூட வந்த அம்மை இண்ணைக்கு வரலியா?”

“எந்த அம்மை?”

“சார் கூண்டுல நிக்கும்போ உங்க தோளுல கையப் போட்டுட்டு நின்னாவல்லா? சார் விரல நீட்டுனதும் தலையக் குனிஞ்சாவளே, அவியதான்.”

அன்றைக்கு என்னோடு எந்தப் பெண்ணும் வரவில்லை.

என் கணவரிடம் இதை நான் கடைசிவரை சொல்லவில்லை. மாதேவன் யார், அவள் யார், எங்கே எதற்குக் கூப்பிட்டாள், ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடுவதில்லை. என் தோளில் ஒரு கை இருந்ததாக ஆசாரி சொன்னார். எனக்கோ ஒரு பாரமும் தெரியவில்லை, ஒரு குளிர்ச்சியும் தெரியவில்லை, எதுவுமே தெரியவில்லை. அன்றைக்குத் தெரியவில்லை என்றால், இப்போதும் அது அங்கேயே இருந்தாலும் தெரியாதுதானே.