அசோகப் பட்டையும் இரும்பு மாத்திரையும்

இந்த நாட்டில் டாக்டரம்மா அப்பாவை வைத்துக்கொண்டே மகளிடம், "மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கிறது?" என்று கேட்கிறார். என் மகளுக்கு நாற்பத்தொரு வயது. கேள்வியை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு அவள் யோசிப்பதற்குள், "ஒன்பது" என்று நான் சொல்லிவிட்டேன். ஆம்பூரில் அந்தச் சொல்லையே வாய்விட்டுச் சொன்னவனல்ல. அதெல்லாம் மனைவியின் பொறுப்பு. அவள் காலமானபின் இங்கே ஜெர்மனியில் மகள் வீட்டுக் குப்பையை நான்தான் கொட்டுகிறேன். எதையும் எண்ணாமல் கொட்ட எனக்கு வராது.

ஹீமோகுளோபின் எட்டு. டாக்டரம்மா இரும்பு மாத்திரை எழுதினார். எனக்கு அது போதவில்லை. ரத்தப்போக்கு அடங்கட்டும் என்று ஒடுகத்தூரிலிருந்து என் தங்கை அனுப்பிய அசோகப் பட்டையில் காலைதோறும் கஷாயம் வைத்தேன்.

"ரெண்டையும் ஒண்ணா முழுங்கிட்றேன், ஆளை விடுப்பா" என்றாள் மகள். அறுபது மாத்திரை தீர்ந்தும் எட்டு எட்டாகவே இருந்தது. இரவில் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

ஒருநாள் அவள் உடைத்த மாத்திரையில் பாதி கஷாயத்துக்குள் விழுந்தது. சற்று நேரத்தில் டம்ளர் முழுக்கக் கறுப்பு மை. ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன் நான். தோல் பதனிடும் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஒரு துருப்பிடித்த ஆணி விழுந்ததற்கு மேஸ்திரி போட்ட கூச்சல் காதில் கேட்டது: "யோவ், பட்டைத் தண்ணில இரும்பு பட்டா கறுத்துடும்னு தெரியாதா? தோலெல்லாம் பேஜாராப் போச்சு!" பட்டையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்கிறது, உடம்புக்கு விடவில்லை. மகளுக்குப் போகவேண்டியதை மறித்தவன் நான்தான்.

டாக்டரம்மாவிடம் ஆணிக் கதையைச் சொன்னேன். மகள் மொழிபெயர்த்தாள். "ஆணி குத்திவிட்டதா? எந்தக் காலில்?" என்று அவர் குனிந்து பார்த்தார். புரிந்ததும் சிரிக்கவில்லை, பட்டையின் பெயரை எழுத்துக்கூட்டிக் குறித்துக்கொண்டார். பட்டைக்குப் பதில் வலிக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டேன். மாதவலிக்கு இஞ்சித் தண்ணீர் உதவுவதாகச் சில சிறு ஆய்வுகள் உண்டு, அதைக் குடிக்கட்டும். அசோகப் பட்டைக்கு உறுதியான சான்று இன்னும் போதாது, நிறுத்துங்கள். ரத்தம் ஏன் இப்படிப் போகிறது என்று முதலில் ஸ்கேன் பார்ப்போம் என்றார். பார்த்ததில் கருப்பையில் சிறிய நார்க்கட்டி, மருந்தில் அடங்கக்கூடியது.

நேற்று ஹீமோகுளோபின் பதினொன்று என்று வந்தது. வீட்டுக்கு ஐம்பத்துநாலு படி. இத்தனை மாதம் இரண்டு இடத்தில் நின்று ஏறியவள் நிற்காமல் ஏறிப் போனாள். முப்பத்தொன்றாம் படியில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அப்போது தங்கையின் போன். "புள்ளைக்குச் சரியாய்டுச்சில்ல? அப்புறம் இன்னாண்ணா அங்க வேலை? எப்ப வர்றே?" மேலேயிருந்து மகள், "அப்பா, வர்றியா இல்லியா?" என்றாள்.

கைப்பிடியைப் பிடித்தபடி இருவருக்கும் சேர்த்து, "வர்றேன், வர்றேன்" என்றேன்.