திருகாணிப் பெட்டியில் மாத்திரைகள்

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அக்கம்பக்கத்தில் லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். வாய் கொஞ்சம் நீளம். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் லிஃப்ட் கதவு உரசும் சத்தம் கேட்டுவிட்டால் போதும், வந்த வேலையை மறந்து காவலாளியைப் பிடித்துத் திட்டுவார். வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கும் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அறுபத்தெட்டாவது வயதில் மாரடைப்பு வந்தது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஐந்தாம் நாள் அனுப்பிவிட்டார்கள். மெல்ல நடக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அந்தக் காகிதத்தை யார் படித்தது? படி இறங்கக் கூடாது, போன் எடுக்கக் கூடாது, கவலை தரும் எதையும் அவர் காதில் போடக் கூடாது என்று மகள் சட்டம் போட்டாள். பாவம், பயம் அவளுக்கு. அவரும் சொன்னபடி கேட்டார். அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? பிறந்ததிலிருந்து யார் பேச்சையும் கேட்காத மனிதர்! வீட்டிலோ, ஆள் திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டார்கள்.

இரண்டு மாதம் போனது. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். தூக்கம் இல்லை. வயதாகிவிட்டது, உடம்பு தேற வேண்டும் என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலை அவர்கள் கட்டடத்து லிஃப்டே கிறீச்சென்று கத்தியது. மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு வரை கேட்டது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். திட்டக்கூட எழவில்லையே என்று மனைவி கிட்டே போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அன்று மத்தியானம் தையல் மெஷினில் ஒரு திருகு கழன்றது. ஸ்க்ரூடிரைவருக்காக அவருடைய கருவிப்பெட்டியைத் திறந்தாள். திருகாணி போடும் சின்னச் சின்ன அறைகளில் மாத்திரைகள் இருந்தன. வெள்ளை ஓர் அறையில், ரோஸ் ஓர் அறையில், அளவுவாரியாக. தினமும் காலையில் அவள் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனவை, பத்தொன்பது நாளுக்கானவை. உபயோகமான எதையும் குப்பையில் போட அந்தக் கைக்கு வராது.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அவரையும் மகளையும் ஆட்டோவில் ஏற்றி இதய டாக்டரிடம் போனாள்.

"மறந்துட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"மறக்கல."

"பின்ன ஏன் சாப்பிடல?"

"ரிப்பேர் முடிஞ்ச லிஃப்ட் நான், டாக்டர். உபயோகிக்கக் கூடாதுன்னு மாட்டுன போர்டை யாரும் கழட்டவே இல்ல. ஓடாத லிஃப்ட்டுக்கு எதுக்கு கிரீஸ்?"

மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மாரடைப்புக்குப் பிறகு வயதானவர்கள் பலருக்கு மனச்சோர்வு வருகிறது. அது சோம்பலும் இல்லை, வயதும் இல்லை, நோய். மாத்திரை, சாப்பாடு, நடை எல்லாவற்றையும் கைவிட வைத்து, திரும்பவும் இதயத்தைத்தான் கெடுக்கும். இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும். மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதினார். அப்பா தாராளமாகப் படி இறங்கலாம் என்று மகளைப் பார்த்துச் சொன்னார்.

ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. முதல் சில வாரம் அவரை நடக்கக் கிளப்புவதற்குள் மனைவிக்குப் போதும் போதும் என்றாகிவிடும். மாத்திரை உள்ளே போகும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

வைத்தியம் தொடங்கிய மூன்றாம் மாதம் ஒரு சாயங்காலம். நடந்துவிட்டு வந்தவரின் குரல் கீழேயிருந்து கேட்டது.

"கதவு இந்த உரசு உரசுது, காதை எங்கய்யா வச்சிருக்க?"

மற்ற நாளாக இருந்தால் எட்டிப் பார்த்து, போதும் மேலே வாங்க என்றிருப்பாள். அன்று மெஷினை நிறுத்திவிட்டு, அவர் திட்டி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்டாள்.