உடும்பஞ்சோலைக்கு ஒரு வாளி வண்டு

ஜூன் மாதச் சனிக்கிழமை, காலை ஐந்தே முக்கால். பாலக்காட்டுச் சித்தூர் அருகே நல்லேப்பிள்ளியில், பொன்னுச்சாமி என்கிற மாட்டுக்காரரின் மேய்ச்சல் தரிசில் குந்தி உட்கார்ந்து, பழைய சோற்றுக் கரண்டியால் சாணியைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஒரு பயணம் இப்படியும் தொடங்குமா என்றால், தொடங்கும். போக வேண்டிய ஊர் இடுக்கி மாவட்டத்து உடும்பஞ்சோலை. கூட வர வேண்டியவை சாணி வண்டுகள். பாலக்காட்டில் என் வீட்டில் இதைச் சொன்னபோது, "ஏன்னா, அதுகளுக்கும் டிக்கெட் எடுப்பேளா?" என்று மட்டும் கேட்டாள் மனைவி.

சாணி வண்டை அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. மழைக் காலத்தில் மாடு சாணி போட்டால் இந்தக் கறுப்பு வண்டுகள் எங்கிருந்தோ வந்து அடியில் துளை போட்டு, ஓரிரு நாளில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறக்கிவிடும். மண் பொலபொலவென்றாகும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், மண்புழு வரும், புல் வரும். வண்டு இல்லையென்றால் சாணி காய்ந்து தட்டுப்போல அப்படியே கிடக்கும். அடியில் உள்ள புல் செத்துப்போகும், சுற்றியுள்ள புல்லை மாடு வாயில் வைக்காது, மழை பெய்தால் மேல்மண் ஓடிவிடும்.

உடும்பஞ்சோலையில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. அங்கே பாண்டியம்மாள் என்று ஒருவர், ஒன்றரை ஏக்கர் புல்மேட்டில் நாலு மாடு வைத்திருக்கிறார். போன மாதம் போனில் அழாத குறையாகச் சொன்னார். "போட்ட சாணி போட்டபடியே கெடக்கு சார். போன வருசத்துச் சாணிகூட அப்படியே இருக்கு. இந்த மழைக்குப் புல்லு தேறலைன்னா மாட்ட வித்துட்டு நெலத்தப் பாட்டத்துக்கு விட்டுருவேன்னு இவுக சொல்லிட்டாக." இவுக என்பது அவர் கணவர் பேச்சிமுத்து. பாட்டம் என்றால் அங்கே குத்தகை. குத்தகைக்கு எடுப்பவர் ஏலம் நடுவார், ஏலத்துக்கு மாதம் இரண்டு முறையாவது மருந்து அடிப்பார். சுற்றிலும் மருந்து அடிக்கிற தோட்டங்களுக்கு நடுவே, தேனீயும் தவளையும் மிச்சமிருக்கிற ஒரே துண்டு அந்தப் புல்மேடு.

அவர் என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. நான் ஒரு பால் சங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் கள மேற்பார்வையாளனாக இருந்தவன். முதல் ஏழு வருஷம் உடும்பஞ்சோலைப் பக்கம், மிச்சம் சித்தூர்ப் பக்கம். வீடு வீடாகப் போயும் முகாம் வைத்தும் குடற்புழு மருந்தையும் உண்ணி மருந்தையும் மாடுகளுக்குப் போட வைத்தேன். சாணியைச் சோதித்து, புழு இருக்கிற மாட்டுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மருந்துகளில் பல சாணி வழியாக வெளியே வந்து வண்டைக் கொல்லும் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது. முகாமுக்கு ஒழுங்காக வந்தவர்களின் தரிசெல்லாம் சாணித் தட்டுகளாகக் கிடந்தன.

பொன்னுச்சாமி ஒருநாளும் முகாமுக்கு வந்ததில்லை. "நோவில்லாத மாட்டுக்கு மருந்து எதுக்குங்க சார்? எனக்கு நோவில்லாதப்ப நீங்க ஊசி கொண்டாந்தா போட்டுக்குவனுங்களா?" என்பார். என் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதியிருக்கிறேன். அவர் தரிசை மூன்றாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பார். கிளுவை வேலியை வெட்டுவதில்லை, அதில் குருவிகள் அடைகின்றன. எல்லாம் யோசித்துச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். பாதி பிடிவாதம், பாதி கஞ்சத்தனம்.

"ஏனுங்க சார், இந்தப் பீவண்டுக்கு மலையேறிப் போய்ப் பொழைக்கத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. குளிர் தாங்குமா என்றும் தெரியாது."

"அப்பறம் எதுக்குங்க இத்தன பாடு?"

வண்டுகளை எண்ணி வாளியில் போட்டேன். நாற்பத்திரண்டு வண்டுகள். வாளிக்குள் ஈர மண், அதன் மேல் சாணி, மேலே துளை போட்ட மூடி. அவரே ஒரு சணல் கயிற்றால் கட்டிக் கொடுத்தார்.

ஏழு இருபதுக்குக் கேரள எல்லையில் கோபாலபுரம் சோதனைச் சாவடி. பஸ்ஸில் ஏறிய காவலர் வாளியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"எந்தா இதில்?"

"சாணி."

"சாணிக்கு எதுக்கு மூடி?"

உள்ளே வண்டு இருக்கிறது என்றேன். என் முகத்தைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், இறங்கிப் போய்விட்டார். பக்கத்து இருக்கைக்காரரும் எழுந்து பின்னால் போனார். அங்கிருந்து பொள்ளாச்சி பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கும். இரண்டு பேர் இருக்கையில் தாராளமாக உட்கார்ந்து போனேன்.

ஒன்பது ஐம்பதுக்கு உடுமலையில் மூணாறு பஸ். எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், மூன்றரை மணி நேரம். சின்னாறு காட்டுக்குள் நுழைந்ததும் சாலையோரம் காட்டெருமைச் சாணி. ஜன்னலிலிருந்தே தெரிந்தது, அது குழைந்து, துளை விழுந்து, உயிரோடு இருந்தது. யாரும் ஊசி போடாத மிருகம். கொஞ்சம் நிறுத்த முடியுமா என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

"இங்க நிறுத்துனா ஃபாரஸ்ட்டுக்காரன் எனக்கு ஃபைன் போடுவான். என்னத்துக்கு?"

"அந்தச் சாணியைப் பார்க்கணும்."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "பெரியவரே, மறையூர்ல டீ குடிக்க நிறுத்துவேன். அங்க சாணி நெறைய இருக்கும்." பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மறையூரில் கண்ட சாணியெல்லாம் தட்டுத்தட்டாகக் காய்ந்து கிடந்தது. காட்டில் தானாக இருப்பதை, ஊரில் வாளியில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மூணாறிலிருந்து பூப்பாறை வழியாக ஜீப், பங்கு போட்டுக்கொண்டு ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய். பூப்பாறை தாண்டியதும் மருந்து வாடை பிடித்துக்கொண்டது. இருபுறமும் ஏலத்தோட்டம், முதுகில் தெளிப்பான் கட்டிய ஆட்கள். அந்த வாடைக்கு மூக்கு பழகிவிடுகிறது. அப்படிப் பழகியிருக்கக் கூடாது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

நாலரை மணிக்கு உடும்பஞ்சோலை. பாண்டியம்மாள் பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், தலையில் துண்டு, காலில் ரப்பர் பூட்ஸ். வாளியை என் கையிலிருந்து வாங்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

"ஊசி ஏதாவது போட்டீங்களா?"

"இல்ல சார். ஊசி போடக் கூடாது, வாயில மருந்து ஊத்தக் கூடாதுன்னு போன்ல சொன்னீங்கள்ல. அதுக்கு முந்தி மூணு மாசமும் ஒண்ணுமே குடுக்கல."

புல்மேட்டைப் பார்த்ததும் மனம் சோர்ந்துபோயிற்று. சரிவு முழுக்கச் சாணித் தட்டுகள். ஒன்றைப் புரட்டினேன். அடியில் வெளுத்த புல், அதன் கீழே செங்கல் மாதிரி இறுகிய மண். பெய்த மழை செம்மண்ணை வாரிக்கொண்டு கீழே ஓடையில் போய்க்கொண்டிருந்தது. கணவர் பேச்சிமுத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. கடனும் முதுகுவலியும் உள்ள மனிதர்.

"வண்டு வந்து நெலத்தக் காப்பாத்தும்னு இவ சொல்றா சார். சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல."

அன்று மதியம் மாடுகள் போட்ட புதுச் சாணிக் குவியல்களில் வண்டுகளைப் பிரித்து விட்டோம். வழியில் மூன்று செத்திருந்தன, முப்பத்தொன்பது உயிரோடு. விட்டதும் ஒரு கணம் அசையாமல் இருந்தன. பிறகு ஒன்று தலையைச் சாய்த்து உள்ளே நுழைந்தது. அடுத்தது. ஐந்து நிமிஷத்தில் அத்தனையும் உள்ளே போய்விட்டன. பாண்டியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பேச்சிமுத்துகூடக் குனிந்து பார்த்தார்.

"போகுதே!" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, புல்லு தலை தூக்குனா பாட்டக்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிருவோம். ஒரு மாசம் பாப்போம்" என்றார்.

பாண்டியம்மாள் அன்று பலாக்காய் போட்டுக் குழம்பு வைத்தார். எனக்கு வயிறும் மனமும் நிறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. மழை விட்டிருந்தது. நாங்கள் இருவரும் மேட்டுக்குப் போனோம். முதல் குவியலின் மேலேயே எட்டு வண்டுகள் மல்லாந்து கிடந்தன. இரண்டு இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தன. அடுத்ததிலும் அப்படியே. எண்ணினேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை. முப்பத்தொன்று. மற்றவை கண்ணில் படவில்லை. உள்ளேயே செத்திருக்கும்.

"குளிருக்கா சார்?" என்றார் மெதுவாக.

குளிரில் சாகிற வண்டு சுருண்டு கிடக்கும், இப்படிக் காலை உதறாது. மாடுகளிடம் போனேன். ஒரு பசுவின் முதுகில் கையை வைத்து முகர்ந்தேன். நேற்றெல்லாம் தோட்டத்து வாடை என்று நினைத்துக்கொண்டிருந்தது இங்கே மாட்டின் மேலேயே இருந்தது.

"மாட்டுக்கு ஏதாவது தடவினீங்களா?"

"உண்ணி மருந்துதேன் சார். வெள்ளிக்கிழம காலையில தண்ணில கலந்து நாலு மாட்டையும் நல்லாக் குளிப்பாட்டுனேன். கொஞ்சம் நக்கிருக்கும்."

பசுவின் முதுகிலிருந்து கையை எடுத்தேன். அவருக்கு என் முகம் புரிந்துவிட்டது.

"நீங்க வர்றீங்கன்னுதேன் சார் குளிப்பாட்டுனேன். அந்தக் காலத்துல நீங்க வந்தா மொதல்ல மாட்டுக் காதத் தூக்கித்தேன் பாப்பீங்க. ஒருக்க உண்ணி இருந்துச்சுன்னு சங்கத்துல எல்லாரும் இருக்கையில வஞ்சீங்க. மாடு வச்சிருக்கத் தகுதி இல்லாதவன்னு. அத நான் மறக்கல. இந்தத் தடவ ஒரு உண்ணிகூட இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். தோலில் போடுகிற மருந்தும் சாணிக்கு வரும் என்று போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல மறந்தேன். அவர் என் பேச்சில் ஒன்றையும் விடவில்லை, பதினைந்து வருஷத்துக்கும் முந்தியதையும் சேர்த்து.

தவறு என்னுடையது என்றேன். இனி சில வாரத்துக்காவது இந்தச் சாணியில் வண்டு பிழைக்காது என்பதையும் சொன்னேன். வேறு வழியில்லை, சொல்லத்தான் வேண்டியிருந்தது.

பேச்சிமுத்து கடுங்காப்பி கொண்டுவந்தார். செத்த வண்டுகளைப் பார்த்தார். ஏளனம் ஒன்றும் இல்லை. "நானும் நேத்து கொஞ்சம் ஆசப்பட்டுட்டேன் சார்" என்றார். "இன்னும் ஒரு மாசம் தள்ளுனா நடவு மழ போயிரும். பாட்டக்காரரு காத்திருக்க மாட்டாரு. நாளைக்கி வரச் சொல்லிர்றேன். மாட்ட வாங்கக் கம்பத்துலேர்ந்து ஆள் வரும்." பாண்டியம்மாள் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

பத்து மணிக்குப் பஸ். பாண்டியம்மாள் நிறுத்தம் வரை கூட வந்தார். என் ஊரில் மண் கெட்டால் அடுத்த போகத்துக்கு வண்டல் அடித்துக்கொள்வார்கள், ஏரிகள் இருக்கின்றன. இந்தச் சரிவில் போன மண் போனதுதான். கீழே ஓடை இன்னும் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

பஸ் வளைவில் தெரிந்தபோது அவர் என் பக்கம் திரும்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நெலம் போனாலும் வீட்டச் சுத்தி ஆறு சென்ட் மிச்சம் இருக்கும் சார். ஒரு மாட்ட மட்டுமாவது வச்சுக்கிர்றேன்னு இவுகள்ட்ட கேட்டுப் பாக்குறேன். இனிமே என்ன செய்யணும்னு சொல்லுங்க. அப்படியே செஞ்சிர்றேன்."

நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அப்படியே செய்வார்.