பின்னால் பிடித்திருந்த கை

இதெல்லாம் பயத்தில் தோன்றிய பிரமை என்று சொல்ல நினைப்பவர்கள், தயவுசெய்து என் இடது காதருகே வந்து சொல்லிப் பாருங்கள். கேட்காது. அந்தக் காது அன்றைக்குப் போனது. நடந்ததை நடந்தபடிதான் எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். எல்லாரும் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வண்டியில் என் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் பதற்றத்தில் எதை மிதித்தாலும், நான் நினைத்தால் வண்டி நின்றுவிடும். அப்படியே பழகிப்போன ஆளுக்கு, பிரேக்கே இல்லாத இடத்துக்குப் போக ஆசை வருமா? ஸ்கூபா டைவிங் என்ற பேச்சை எடுத்தவன் நான் இல்லை, என் மச்சினன்.

அவனுக்கு நான் வைத்த பெயர் ஆக்ஸிலேட்டர். நின்று யோசிக்கும் பழக்கமே கிடையாது. அவனுக்கு ஒன்பது வயதாகும்போது அம்மா போய்விட்டார். அதற்குப் பிறகு அவனைக் குளிப்பாட்டிச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் என் மனைவிதான். “அவன் எனக்குத் தம்பி இல்லைங்க, மூத்த புள்ள” என்பாள். கல்யாணமான புதிதில் எனக்குச் சிரிப்பாக இருக்கும். போகப் போகத்தான் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது.

விடுமுறைக்குக் கடற்கரை ஊர் ஒன்றில் தங்கியிருந்தோம். இரண்டாம் நாள் காலையிலேயே அவன் போய்ப் பணம் கட்டிவிட்டு வந்து நின்றான். இரண்டு பேருக்கு.

“யாருடா அந்த ரெண்டாவது ஆள்?”

“நீங்கதான் மாமா. அக்கா கண்டிஷன் அது. நீங்க வந்தாத்தான் என்னை விடுவாளாம்.”

மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. “கூட இறங்குங்க. அவனைப் பத்திரமா மேல கூட்டிட்டு வந்துருங்க, போதும்” என்றாள். மறுபேச்சு பேசும் துணிவு எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு நீளமான அறை. ஈரமான ரப்பர் உடைகள் வரிசையாகத் தொங்கின. அங்கே எங்களுக்குப் பாடம் எடுத்தவர் ஒரு மொட்டைத்தலை மாஸ்டர். முதல் தடவை இறங்குகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மாஸ்டர் உண்டாம். எனக்கு அவர். மச்சினனுக்கு, காலில் மஞ்சள் நீச்சல் துடுப்பு மாட்டிய ஒரு பெண்.

“நீங்க எங்களைப் பார்க்கவே மாட்டீங்க” என்றார் மொட்டை மாஸ்டர். “உங்க முதுகுல இருக்கிற சிலிண்டரைப் பின்னாலருந்து பிடிச்சுக்கிட்டே வருவோம். மேல, கீழ, நிக்கறது எல்லாம் எங்க வேலை. நீங்க மூச்சு மட்டும் விட்டாப் போதும்.”

எனக்கு அது பிடித்துப்போனது. இங்கேயும் ஒரு இரண்டாவது பிரேக் இருக்கிறது, அது அவர் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

“நல்லா இருக்கீங்களான்னு கேட்க உங்க தோள்ல மூணு தடவை தட்டுவேன். நீங்க இப்படிக் காட்டணும்.” கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கிக் காட்டினார். “மூணு தட்டுக்குத்தான் பதில். எண்ணிக்கை மாறினா பதில் சொல்லாதீங்க.”

மச்சினன் சிரித்தான். “தட்டறதுக்குக்கூடக் கணக்கா மாஸ்டர்?”

அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெண் குனிந்து தன் துடுப்பின் வாரை இறுக்கினாள். இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி பெல்ட்டைக் கடைசியாகக் காட்டினார். அதுதான் நம்மைக் கீழே இருத்தி வைக்குமாம். “இந்தக் கொக்கியை மட்டும் தொடாதீங்க. கழட்டினா விர்ருனு மேல போயிடுவீங்க. அப்ப மூச்சை அடக்கினா நுரையீரல் கிழிஞ்சிடும்.”

படகில் மனைவியும் வந்தாள். கரையில் உட்கார்ந்திருக்க அவளால் முடியாதாம். பத்து மணி சுமாருக்குத் தண்ணீரில் இறங்கினோம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் ஐந்து நிமிடம் நான் சொக்கிப்போனேன். நீலத் தண்ணீர், சுற்றிலும் பொடிப்பொடி மீன்கள். மூச்சை இழுத்தால் ‘ஸ்ஸ்ஸ்...’ விட்டால் ‘புளு புளு புளு...’ எனக்குப் பின்னாலும் அதே சத்தம். மாஸ்டரின் காற்றுக்குமிழ்கள் என் காதை உரசிக்கொண்டு மேலே போயின. தோளில் மூன்று தட்டு. நான் வளையம் காட்டினேன். காது வலிக்கும்போது நான் மூக்கைப் பிடித்து ஊதினால், அந்தக் கை என்னை அப்படியே நிறுத்தி வைத்துக் காத்திருந்தது. தொழில் தெரிந்தவர் என்று மனதுக்குள் பாராட்டினேன்.

இடது பக்கம் மச்சினன். அவனுக்குப் பின்னால் மஞ்சள் துடுப்பு.

அப்போதுதான் நீரோட்டம் அடித்தது.

பக்கவாட்டிலிருந்து யாரோ மொத்தமாகத் தள்ளியது மாதிரி இருந்தது. அடியில் கிடந்த மணல் எழும்பியது. கண்ணுக்கு எதிரே எல்லாம் கலங்கிப் பழுப்பானது. நான் உருண்டேன். ஒரு கணம் என் முதுகில் எந்தப் பிடியும் இல்லை.

உடனே சிலிண்டரில் மறுபடியும் பிடி விழுந்தது. அப்பாடா என்று இருந்தது.

தோளில் தட்டு.

ஒன்று... இரண்டு...

அவ்வளவுதான். மூன்றாவது வரவில்லை.

நான் வளையம் காட்டிவிட்டேன். பின்னால் இருப்பவர் கேட்டால் பதில் சொல்லிவிட வேண்டும் என்ற பயம் எந்த மாணவனுக்கும் உண்டு. என்னிடம் கற்றுக்கொள்கிறவர்களை இதற்காக நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். கவனிக்காமல் தலையாட்டாதே என்று.

கை என்னைக் கீழ்நோக்கித் தள்ளியது.

காது வலித்தது. மூக்கைப் பிடித்தேன். கை நிற்கவில்லை. இன்னும் கீழே. வலி ஊசியாக ஏறியது. நில்லு என்று உள்ளங்கையைக் காட்டினேன். கை நிற்கவில்லை. ‘டொப்’ என்று இடது காதுக்குள் ஏதோ உடைந்தது. சூடாக எதுவோ கசிந்தது. தலை சுற்றியது.

நல்ல மாஸ்டர் இப்படிச் செய்யமாட்டார். எந்த மாஸ்டரும் செய்யமாட்டார்.

மூச்சை இழுத்தேன். ஸ்ஸ்ஸ்... விட்டேன். புளு புளு புளு...

பின்னால்?

மூச்சை ஒரு நொடி நிறுத்திக் கேட்டேன்.

ஒன்றுமே இல்லை.

குமிழ்ச் சத்தம் இல்லை. என் காதை உரசிக்கொண்டு எதுவும் மேலே போகவில்லை. என்னைப் பிடித்திருப்பவர் மூச்சே விடவில்லை.

தலையைத் திருப்பினேன். மாஸ்க்கின் ஓரம்தான் தெரிந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சிலிண்டரின் கழுத்தைத் தடவினேன். விரல்கள் தட்டுப்பட்டன. மொட்டை மாஸ்டர் கறுப்புக் கையுறை போட்டிருந்தார். இந்த விரல்களில் கையுறை இல்லை. தண்ணீரில் ஊறிக்கிடந்த சோப்பு மாதிரி கொழகொழவென்று இருந்தன. அழுத்தினால் உள்ளே போயின.

கத்தினேன். வாயில் குழாய் இருந்தது. வெறும் குமிழ்கள்தான் வந்தன.

அப்போது கலங்கல் கொஞ்சம் விலகியது. இடது பக்கம், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் மச்சினன். அவனும் கீழே போய்க்கொண்டிருந்தான். கால்களை அசைக்கவே இல்லை. சிலிண்டர் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுபட்டது.

மஞ்சள் துடுப்பைத் தேடினேன்.

அவனுக்குப் பின்னால் யாருமே இல்லை.

அவன் தோள் லேசாக இரண்டு தடவை குலுங்கியது. அவன் சந்தோஷமாகக் கையைத் தூக்கி வளையம் காட்டினான்.

அவனுக்குத் தெரியவில்லை... அவனுக்கு எதுவுமே தெரியவில்லை.

எப்படிச் சொல்வது? வாய் இல்லை. தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வளையம்தான். “பத்திரமா மேல கூட்டிட்டு வந்துருங்க.” மேலே படகில் அவள் உட்கார்ந்திருந்தாள். கீழே இருட்டிக்கொண்டு வந்தது. சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்ட என் மார்பில் தொங்கிய மீட்டரின் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. பயத்தில் மூச்சை வாரி இறைத்திருந்தேன்.

எட்டிப் பாய்ந்து அவன் கையைப் பிடித்தேன்.

அவன் திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் தோளுக்கு மேலே பார்த்தான். அங்கே யாரையோ பார்த்துத் தலையசைத்தான். வளையம் காட்டினான்.

கடவுளே...

தோளில் தட்டு. ஒன்று... இரண்டு...

பதில் சொல்லவில்லை.

மறுபடியும். ஒன்று... இரண்டு... இந்தத் தடவை எலும்பு வலித்தது.

பதில் சொல்லவில்லை. பிரேக்கைத் தேடினேன். என் காலடியில் இல்லை. என் கையில் இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது.

கொக்கி.

அவனை இழுத்து அணைத்தேன். அவன் இடுப்பில் தடவினேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து என்னை உதறினான், அடித்தான். விடவில்லை. இழுத்தேன். அவனுடைய பெல்ட் விழுந்தது. என்னுடையதையும் இழுத்தேன்.

விழுந்தது.

மேலே கிளம்பினோம். ‘ஆஆஆ...’ என்று காற்றை விட்டுக்கொண்டே போனேன். அவன் வயிற்றை முழங்கையால் குத்தினேன். அவனும் காற்றை விட்டான்.

கை விடவில்லை. எங்களோடு கூடவே மேலே வந்தது.

வெளிச்சம் வந்தது.

தோளில் ஒன்று... இரண்டு...

நான் கையை இறுக மூடிக்கொண்டேன்.

என் அணைப்பிலிருந்த மச்சினன், என் முதுகுக்குப் பின்னால் பார்த்தபடியே, மெல்ல வளையம் காட்டினான்.

பிடி விட்டது.

தலை வெளியே வந்ததும் எனக்கு முதலில் கேட்டது மனைவியின் அலறல். படகோட்டி அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். இல்லாவிட்டால் குதித்திருப்பாள். மொட்டை மாஸ்டரும் அந்தப் பெண்ணும் எங்களைத் தூக்கிப் படகில் போட்டார்கள். மனைவி என்னைத் தாண்டிப் போய் அவனைக் கட்டிக்கொண்டாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன், அது போதும் என்று அழுதேன்.

“நீரோட்டத்துல கை நழுவிடுச்சு சார்” என்றார் மொட்டை மாஸ்டர். “ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல விட்டுட்டோம். ஒரு நிமிஷம் கீழயே தேடினோம். மேல வந்திருப்பீங்கன்னு வந்து பார்த்தா இல்லை. திரும்ப இறங்கினோம், ஏறினோம்... பதினஞ்சு நிமிஷம் சார். எங்க சார் இருந்தீங்க?”

“யாரோ பிடிச்சிருந்தாங்க” என்றேன்.

அவர் படகோட்டியைத் திரும்பிப் பார்த்தார். படகோட்டிதான் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“எத்தனை தட்டு?”

“ரெண்டு.”

இயந்திரத்தைக் கிளப்பப் போன கை நின்றுவிட்டது. பிறகு அதைக் கிளப்பிவிட்டு, அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் பக்கம் குனிந்து சொன்னார். முன்பு இங்கே ஒரு மாஸ்டர் இருந்தாராம். இதே இடத்தில் அவர் பிடியிலிருந்து ஒரு புது ஆள் நழுவிவிட்டார். அந்த ஆள் படகின் மறுபக்கமாக மேலே வந்து சௌக்கியமாக ஏறிக்கொண்டார். மாஸ்டருக்கு அது தெரியாது. தேடிக்கொண்டு கீழே போனவர் திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

“அவர் ரெண்டு தட்டுத்தான் தட்டுவார். அதுக்கப்புறம்தான் நாங்க மூணுன்னு மாத்தினோம்.”

ஒரே ஆள். இரண்டு கை. ஒன்றில் நான், இன்னொன்றில் அவன். அதை மட்டும் யோசித்துக்கொண்டே கரைக்கு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். என் காதைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது. மச்சினனுக்கு அதிகம் நினைவில்லை. “மேல வந்தது ஞாபகம் இல்ல மாமா. யாரோ நல்லாப் பிடிச்சிருந்தாங்க, பயமே இல்ல” என்றான். தட்டு விஷயத்தை நான் அவனிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. படகோட்டி பேசியபோது அவள் படகின் அந்தக் கோடியில் தம்பியை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது.

ஊருக்குத் திரும்பி ஒரு மாதமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு மச்சினன் கூடத்து சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான். நல்ல வெயில் நேரம். நான் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து என் வலது பக்கம் நின்றாள், எனக்குக் கேட்கிற பக்கம்.

“என்னங்க, தம்பி தூக்கத்துல ஒரு மாதிரி செய்யறான். அங்கருந்து வந்ததுலருந்தே பார்க்கறேன்.”

“என்ன செய்யறான்?”

அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கிக் காட்டினாள்.

டம்ளரை மேடையில் வைத்தேன். “கனவா இருக்கும்” என்றேன்.

“கனவுன்னுதான் நானும் நினைச்சேன். ஆனா அதுக்கு முன்னாடி...” என்று கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அவன் தோள் அசையுதுங்க. யாரோ தட்டற மாதிரி. ரெண்டே ரெண்டு தடவை.”