மைதானத்தில் வாய் மூடாத அடைக்கலசாமி

ஆவூரில் பிறந்த அடைக்கலசாமிக்குப் பத்தொன்பது வயதாகும்போது புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. ஊரைவிட்டுப் போன ஒரு பெரிய அதிகாரியின் வீட்டுச் சாமான்களை அப்போது புதுக்கோட்டையில் ஏலம் விட்டார்கள். நாற்காலி, பீரோ எல்லாம் போன பிறகு, நுனி வளைந்த கம்பு ஒன்று மூலையில் கிடந்தது. புளியங்கிளையை வளைத்து இழுக்கத் தோதாக இருக்கும் என்று நினைத்து அதை அவன் கேட்டான். வேறு யாரும் கேட்கவில்லை.

கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்து வழியாக வரும்போது, அங்கே ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தவர்கள் அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். அவர்களில் ஒரு ஆள் குறைச்சல். ஹாக்கி மட்டையோடு வந்ததால் ஆடத் தெரிந்தவன் என்று நினைத்துவிட்டார்கள். அவனும் தெரியாது என்று சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் நாலு பேர் கணுக்காலில் அடித்து, இரண்டு கோல் போட்டான். கால் வீங்கியவர்களே மறுநாளும் வரச் சொன்னார்கள்.

இரண்டு வருஷத்தில் அவன்தான் டவுன் அணியின் சென்டர் ஃபார்வர்ட். பந்து அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் என்பார்கள். ஆனால் எதிராளிகள் பயந்தது மட்டைக்கு இல்லை, வாய்க்கு. ஓடிக்கொண்டே பேசுவான். எதிரில் வருகிறவனிடம் அக்கறையாக, "அண்ணே, லேஸ் அவுந்திருக்கு பாருங்க" என்பான். அவன் குனிந்து நிமிர்வதற்குள் பந்து போயிருக்கும். திருச்சியில் ஒரு அம்பயர், இனிமேல் வாயைத் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். அன்றைக்கு முழுக்க அவன் பேசவே இல்லை. எப்போது என்ன சொல்லப்போகிறான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்த திருச்சிக்காரர்கள் ஐந்து கோல் வாங்கினார்கள்.

பஸ் முதலாளி அபுபக்கர் ராவுத்தருக்கு ஹாக்கிப் பைத்தியம். வல்லத்திராக்கோட்டை வழியாகப் போகும் தன் பஸ்ஸில் அவனைக் கண்டக்டராக வைத்துக்கொண்டார். அடைக்கலசாமி விசில் வாங்கவே இல்லை. நாக்கை மடித்து அவன் ஊதினால் நிஜ விசில் தோற்றுவிடும். திருக்கோகர்ணத்தில் டீச்சராக இருந்த இன்னாசியம்மாளை அந்த பஸ்ஸில்தான் பார்த்தான். தினமும் அவள் ஏறி உட்கார்ந்த பிறகே ஊதினான். கல்யாணம் ஆனது.

1952இல் மாநில அணிக்கு ஆள் எடுக்க மதராஸுக்குக் கூப்பிட்டார்கள். பிரமாதமாக ஆடினான். கடைசி ஐந்து நிமிஷத்தில் எதிரே கோலைக் காக்க ஒரு ஃபுல் பேக் மட்டும் மலை மாதிரி நின்றான். எந்தப் பக்கம் போனாலும் விடவில்லை. அடைக்கலசாமி நாக்கை மடித்து அம்பயர் மாதிரியே ஒரு விசில் ஊதினான். ஃபுல் பேக் அப்படியே நின்றான். பந்து கோலுக்குள் போனது.

தேர்வாளர்களில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் ஊதியது யார் என்று கண்டுபிடித்து அவன் பேரை அடித்தார். பாதியில் நின்றதற்காக ஃபுல் பேக்கின் பேரையும் அடித்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சிரிப்பாகத்தான் சொன்னான். இன்னாசியம்மாள் சிரிக்கவில்லை. அந்த ஆள் பேர் என்ன என்று கேட்டாள். மதுரைக்காரன் என்பதைத் தவிர அவனுக்குத் தெரியவில்லை.

"பேர் தெரியாத மனுசன் பொழப்பக் கெடுத்துட்டு வந்துருக்கீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் போய், ஹாக்கி ஆடுகிற இடமெல்லாம் விசாரித்தான். ஃபுல் பேக்கின் பேர் ஆத்மநாதன். மாநில அணியில் சேர்ந்தால் ஒரு மில்லில் வேலை தருவதாக இருந்ததாம், அதுவும் போயிருந்தது. அடைக்கலசாமி அவன் வீட்டு வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டான். ஆத்மநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் இவன், எங்க முதலாளிகிட்ட சொல்லி வேலை வாங்கித் தாரேன், புதுக்கோட்டைக்கு வாங்க என்று சொல்லிவிட்டான். ஆத்மநாதன் வாயை மூடிக்கொண்டான்.

ராவுத்தர் அவனை டிக்கெட் செக்கராகப் போட்டார். அடுத்த பதினோரு வருஷம் மைதானத்தில் முன்னால் அடைக்கலசாமி, பின்னால் ஆத்மநாதன். காரைக்குடி, தஞ்சாவூர், திண்டுக்கல் என்று எங்கே போனாலும் கோப்பையோடு வந்தார்கள். காதில் தண்டட்டி போட்ட கிழவிகள்கூட பஸ்ஸில் ஏறும்போது நேற்று எத்தனை கோல் என்று கேட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் அடைக்கலசாமி தீபாவளிக்குத் தீபாவளி ஆத்மநாதனுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தான். கறி எடுத்தால் முதல் தட்டு அவனுக்குத்தான். செய்த பாவம் இன்னும் தீரவில்லை என்று நினைப்பு.

1963இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆத்மநாதன் இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

"அண்ணே, அன்னைக்கு நான் விசிலக் கேட்டு நிக்கல. கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு."

அடைக்கலசாமி கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டான்.

"பதினோரு வருசமா ஏன்யா சொல்லல?"

"மொத நாளே சொல்ல வந்தேன். நீங்கதான் வேலைன்னு சொல்லிட்டீங்க."

இன்னாசியம்மாள் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அடைக்கலசாமிக்குக் கோபம் வந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. நாலு நாள் பஸ்ஸில் ஒரு பேச்சும் இல்லாமல் டிக்கெட் கிழித்தான். உடம்புக்கு என்ன என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். ஐந்தாம் நாள் செக்கிங்குக்கு ஏறிய ஆத்மநாதனைப் பார்த்ததும், அவனால் அடக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். வாழ்நாளில் அவனை ஒருத்தன் ஏமாற்றியது அதுதான் முதல் தடவை. அது அவனுக்குப் பிடித்துவிட்டது.

தன்னிடம் இருந்த கேப்டன் பதவியை அந்த வருஷமே ஆத்மநாதனுக்கு விட்டுக்கொடுத்தான். புதுக் கேப்டன் செய்த முதல் வேலை, கால் தளர்ந்துவிட்ட அடைக்கலசாமியைக் கோல் கீப்பராக நிறுத்தியது. பேசுவதற்கு அங்கேதான் நிறைய நேரம் கிடைக்கும் என்று காரணமும் சொன்னான். தலையணை மாதிரி பெரிய பேடுகளைக் காலில் கட்டிக்கொண்டு நாலு சீசன் அங்கே நின்றான் அடைக்கலசாமி. கோல் வாங்கியது ரொம்பக் குறைவு. பந்தோடு வருகிறவனிடம் அவன் வீட்டுச் சமாச்சாரம் விசாரிப்பான், அவனும் நின்று பதில் சொல்வான்.