மாஸ்டர் பார்த்து அனுப்பியது

என் அக்காவுக்கு அந்தத் தெருவில் 'மாஸ்டர் சம்சாரம்' என்றுதான் பெயர். மாஸ்டர் என்றால் அவள் கணவர், பழைய கேமராக்களைப் பழுது பார்ப்பவர். கடைப் பலகை அப்படித்தான் சொன்னது. முப்பத்தோரு வருடத்தில் அந்த மனிதர் ஒரு கேமராவைக்கூடப் பழுது பார்த்ததில்லை என்பது அவருக்கும் அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

கல்யாணத்துக்கு முன் அக்கா ஒரு மைக்ராஸ்கோப் தொழிற்சாலையில் நாலு வருடம் கண்ணாடி பொருத்தும் வேலை பார்த்தாள். மாமா அப்போது கேமரா வாங்கி விற்பவர். கல்யாணமான மூன்றாம் மாதம், விலை போகாமல் கிடந்த ஒன்றை அவள் பொழுது போகாமல் பிரித்துச் சரிசெய்துவிட்டாள். மாமா அதை 'நானே பார்த்தது' என்று சொல்லி அன்றைக்கே விற்றார். "பொம்பளை ரிப்பேர் பண்ணினதுன்னு தெரிஞ்சா எவனும் கடைப்படி ஏற மாட்டான்" என்றார். அக்கா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முன்னறையில் மாமா, நடுவில் ஒரு திரை, பின்னறையில் அக்கா. யாராவது கேமராவை நீட்டினால் மாமா அதைக் கண்ணில் வைத்து, மூச்சடக்கி, 'ச்சு' கொட்டி, "ஒரு வாரம் ஆகும்" என்பார். அக்காவுக்கு ஒரு பகல் போதும். மிச்ச ஆறு நாளும் மாமாவின் கௌரவத்துக்கு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை முன்னறையில் வாயையும் பின்னறையில் அக்காவின் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு பிழைத்தது.

அதிகம் வந்தவை ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள். எட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன மஞ்சள் கட்டம் தெரியும். கட்டத்துக்குள் ஒரு ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். லென்ஸைத் திருகினால் இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் படம் தெளிவாக விழும். வயதான கேமராவில் இந்தக் கணக்கு விலகிவிடும். ஒரு மீட்டரில் சரிசெய்தால் தூரத்தில் கெடும், தூரத்தில் சரிசெய்தால் கிட்டத்தில் கெடும். அக்கா சுவரில் ஒட்டிய கோடு போட்ட தாளையும் ஜன்னலுக்கு வெளியே தொலைவில் நின்ற மின்கோபுரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கடுகளவு திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவாள். பொறுமைக்கு ஒரு அளவு உண்டு என்பதெல்லாம் அவளிடம் செல்லாது.

உள்ளே ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கும். அதன் வெள்ளிப் பூச்சு பஞ்சு பட்டாலே வந்துவிடும். மாமா வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கேமராவுக்குள் கைவிட்டார். அந்தக் கண்ணாடியைத்தான் பளபளவென்று துடைத்து வைத்தார். பூச்சு போனது. வாடிக்கையாளரிடம், "வீட்டுல பொம்பளைங்க கை பட்டுடுச்சு சார், மன்னிச்சுக்கணும்" என்றார். அந்தக் கடையில் என் அக்காவின் கையைப் பற்றி யாராவது பேசியது அந்த ஒரு தடவைதான்.

போன வருடம் மாமாவுக்குக் கை நடுக்கம் வந்தது. கேமராவை வாங்கும்போதே கிடுகிடுவென்று ஆடும். பார்த்தவர்கள் பரிதாபப்பட்டுவிட்டு, கேமராவைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். பின்னறையில் கல் போல ஆடாத இரண்டு கைகள் சும்மா இருந்தன.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. பழைய கேமரா சேகரிப்பவர்களின் சங்கம் கண்காட்சி நடத்தப் போகிறதாம். நாற்பது கேமராக்களைச் சரிசெய்ய வேண்டும், செயலாளர் நேரில் வருகிறார். அக்கா முதல்முறையாக வாயைத் திறந்து கேட்டாள்.

"இவ்வளவு நாளும் நாந்தான் செஞ்சேன்னு அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்றேன், சொல்றேன்" என்றார் மாமா.

அக்கா எனக்குப் போன் செய்து வரச் சொன்னாள். நான் போனபோது திரையைக் கழற்றித் துவைக்கப் போட்டிருந்தாள். பின்னறை மேஜை தெருவரைக்கும் தெரிந்தது.

செயலாளர் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பிசகில்லாத மனிதர். தன் சொந்தக் கேமராவை மேஜையில் வைத்தார். மாமாவின் கையைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"அடடா, மாஸ்டர்... அப்போ இனிமே யார் இருக்கா? அம்மா கூடவே இருந்து பாத்திருப்பாங்களே?"

அக்கா மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"இவளா? திருகு எடுத்துக் குடுப்பா. அவ்வளவுதான் சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய் சொல்லாதீங்க மாமா! சார், இந்தக் கடையில எல்லா வேலையும் எங்கக்காதான் செஞ்சா. இவருக்குத் திருப்புளி பிடிக்கக்கூடத் தெரியாது!"

செயலாளர் சங்கடமாகச் சிரித்தார். குடும்பச் சண்டை என்று நினைத்திருப்பார். அக்கா அவருடைய கேமராவை எடுத்துக்கொண்டு போய் விளக்கடியில் உட்கார்ந்தாள். மேல்மூடியைக் கழற்றினாள். தாள், கோபுரம், தாள், கோபுரம். நாற்பது நிமிடம் ஆனது. மூடியைப் பொருத்தி, கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் வாசலில் நின்று கேமரா வழியாக எதிர்க்கடைப் பலகையைப் பார்த்தார், தெருக்கோடியைப் பார்த்தார், என் மூக்கைப் பார்த்தார். இறக்கியபோது அவர் கண் கலங்கியிருந்தது. நேராக மாமாவிடம் போய், ஆடிக்கொண்டிருந்த அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்னமா பழக்கி வெச்சிருக்கீங்க மாஸ்டர்!"

மாமா அடக்கமாகத் தலைகுனிந்தார். "முப்பது வருஷமா பாக்கறாளே சார்."

நாற்பதும் அனுப்புவதாகச் சொன்னார் செயலாளர். ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொன்றையும் மாஸ்டர் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் போனபின் நான் அக்காவை உலுக்கினேன். "வேண்டாம்னு சொல்லேன்க்கா!" அவள் மேஜையைத் துடைத்துக்கொண்டே, "வேலை வருதுல்ல" என்றாள்.

கேமராக்கள் வந்தன. ஒவ்வொன்றையும் முடித்ததும் அக்கா மாமாவின் கட்டிலுக்கு எடுத்துப் போவாள். அவர் கை நிற்காது; அதனால் அவளே கேமராவை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொள்வாள். அவர் பார்ப்பார். "ம், சரியா இருக்கு" என்பார். அவள் அட்டைப் பெட்டியில் வைப்பாள்.

போன வாரம் நான் அங்கே இருந்தேன். அது இருபத்தேழாவது கேமரா. நானே எட்டிப் பார்த்தேன். இரண்டு உருவமும் அச்சாக ஒன்றில் ஒன்று உட்கார்ந்திருந்தன. மாமா வெகுநேரம் பார்த்தார். பிறகு 'ச்சு' கொட்டினார்.

"கொஞ்சம் விலகியிருக்கு. இன்னொரு தடவை பாரு."

அக்கா அதைப் பின்னறைக்குக் கொண்டுபோனாள். நான் பின்னாலேயே போனேன். அவள் திருப்புளியைத் தொடவில்லை. விளக்கைப் போடவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் மறுபடியும் அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"ம்" என்றார் மாமா. "இப்பதான் சரி."