தெருவுக்குத் தெரியாமல்

முதல் ஊரடங்குக் கோடையில் நடந்தது இது. குன்னம் பக்கத்தில் எங்கள் ஊர். சின்ன வெங்காயம் ஏற்றும் லோடு வண்டி ஓட்டுகிறேன். அடுத்த வீடு அண்ணனுடையது. அவருக்கு ஒரே மகள், எட்டு வயது. பள்ளிக்கூடம் மூடிய குஷியில் நாள் முழுக்க என் வண்டிமேல் ஏறிக் குதித்துக்கொண்டிருப்பாள்.

சித்திரை முடிவதற்குள் பிள்ளை துவண்டுபோனாள். ஓயாமல் தண்ணீர் கேட்டாள். பாயிலேயே சிறுநீர் போனாள். வெயில் சூடு என்று நினைத்தோம். எலுமிச்சைச் சாறு குடித்தால் கொரோனா அண்டாது என்று ஊரே பிழிந்துகொண்டிருந்த நேரம். அண்ணியும் பிழிந்து, சர்க்கரையை அள்ளிப் போட்டு, சொம்பு சொம்பாகக் கொடுத்தார். குடிக்கிறாளே என்று எங்களுக்குத் திருப்தி வேறு.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. எல்லோர் மனதிலும் ஒரே சந்தேகம்தான். கோயம்பேட்டிலிருந்து திரும்பிய ஒருவருக்குத் தொற்று என்று அப்போதுதான் பக்கத்துத் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த வீட்டு மாட்டுப்பாலைக்கூட யாரும் வாங்கவில்லை.

"வெளிய தெரிஞ்சா நம்ம தெருவையும் அடைச்சிருவாங்கடா. கஷாயம் குடுத்துப் பாப்போம்," என்றார் அண்ணன். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் ஆவி பிடிக்க வைத்தோம்.

அடுத்த நாள் காலை, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. அப்போதும் எங்களுக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். ஆம்புலன்சைக் கூப்பிட்டால் கவச உடையோடு வந்து இறங்குவார்கள், ஊர் கூடிவிடும் என்று பயம். என் வண்டியில் வெங்காய மூட்டைகளை அடுக்கி, நடுவில் அண்ணியை உட்காரவைத்து, மடியில் பிள்ளையைக் கிடத்தி, மேலே தார்ப்பாய் கட்டினேன். லோடு போகிற மாதிரியே தெருவைக் கடந்தோம்.

பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரி. கொரோனா பரிசோதனைக்குச் சளி எடுக்கும்போதே டாக்டரம்மா கேட்டார்: "தண்ணி நெறைய குடிச்சாளா? படுக்கையில ஒண்ணுக்குப் போனாளா?" விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். கருவி எண்ணே காட்டவில்லை. அளவு மீறிவிட்டதாம்.

"எங்க வம்சத்துலயே யாருக்கும் சக்கரை கெடையாதுங்க. இது பச்சப் புள்ளைங்க," என்று நான் சண்டைக்கே போனேன்.

குழந்தைகளுக்கும் வரும், உடம்பில் இன்சுலின் இல்லாமல் போனால் ரத்தம் அமிலமாகி இப்படித்தான் மூச்சு வாங்கும் என்றார். மருந்தேற்றித் திருச்சிக்கு அனுப்பினார்கள். மறுநாள் மதியம் பிள்ளை போய்விட்டாள்.

பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் உடலைக் கொடுத்தார்கள். தொற்று இல்லை. அடக்கம் முடிந்ததும், செல்போனில் வந்த அந்தச் செய்தியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீடு வீடாகப் போனார். "எம்புள்ளைக்கு அது இல்லங்க. நல்லாப் பாருங்க," என்று அழுதார். தெருவே சேர்ந்து அழுதது. இவர்களுக்குப் பயந்தா ஒளித்தோம்?

அண்ணி இன்றும் கேட்பார்: "சக்கரையப் போட்டுக் குடுத்து நாந்தான் கொன்னுட்டேனா தம்பி?"

"இல்லண்ணி. சக்கரை தின்னு வர்ற நோவு இல்ல இதுன்னு டாக்டரே சொன்னாங்களே," என்பேன். டாக்டர் அப்படிச் சொன்னது நிஜம்தான். "ரெண்டு நாள் முன்னாடி கொண்டு வந்திருந்தா பொழச்சிருப்பா" என்று அண்ணனிடமும் என்னிடமும் தனியாகச் சொன்னதை மட்டும், அண்ணியிடம் சொல்லத் தைரியமில்லாமல் இன்றுவரை நாங்கள் இருவரும் சுமந்துகொண்டிருக்கிறோம்.